சம்பளத்தில் பெரும்பகுதி டிராக் ரேஸுக்கே போகிறது, விட்டுவிடலாமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: முப்பது வயது நெருங்குகிறது, மணலியில் வேலை, கையில் டிராக் ரேஸுக்காக, அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறிப் பாயும் பைக் பந்தயத்துக்காகச் செதுக்கிய ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100, வீட்டில் பெண் பார்க்கிறார்கள், சம்பளம் வந்த வேகத்தில் பட்டறைக்குப் போய்விடுகிறது. வீட்டில் கேட்டால் விட்டொழி என்கிறார்கள், பட்டறையில் கேட்டால் இந்த ஒரு சீசன் மட்டும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

நான் திருவொற்றியூர்க்காரன். கல்லூரிக் காலத்திலிருந்து இந்தப் பந்தயத்தோடு இருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைத்தோ கிரெடிட் கார்டைத் தேய்த்தோ ஓடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சொந்தக் காசில்தான் ஓடுகிறீர்கள் என்றால் பந்தயத்தை விட வேண்டாம். ஒரு வருடத்துக்கு எஞ்சினில் புதிதாக எதுவும் செய்யாதீர்கள். இருக்கிற எஞ்சினோடு ஓடுங்கள். அப்படி ஓடும்போதும் பந்தயத்துக்கு முந்தைய இரவு ஆசையில் தூக்கம் வராமல் தவிக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு அந்த ஒரு வருடம் பதில் சொல்லும்.

ஏன் எஞ்சினைக் குறிப்பாகச் சொல்கிறேன்? உங்கள் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பந்தய உரிமம், நுழைவுக் கட்டணம், வண்டியை ஏற்றிப்போகும் குட்டி யானை வாடகை, அன்றைய பெட்ரோல், சாப்பாடு. இவை எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். சீட்டுப் பணம்போல ஒதுக்கி வைத்துவிடலாம். ஹெல்மெட், தோல் உடை, பூட்ஸ், கையுறை எல்லாம் ஒருமுறை வாங்கினால் சில வருடங்கள் வரும். இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். அளவில்லாமல் விழுங்குவது எஞ்சின் மட்டும்தான். சிலிண்டரில் பெட்ரோல் கலந்த காற்றும் புகையும் போய்வரும் துளையை, அதாவது போர்ட்டை, அகலப்படுத்தினால் அதற்கேற்ற சைலன்சர் வேண்டும். சைலன்சர் மாற்றினால் கார்புரேட்டர் போதாது. சக்தி கூடியதும் கிளட்ச் வழுக்கும். கிளட்சைக் கெட்டிப்படுத்தினால் கியர் பல் உடையும். ஒவ்வொன்றும் அதற்கு முன்பு செய்த செலவின் பெயரால் கேட்கப்படுவதால் மறுக்க மனம் வராது. ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. அசல் சிலிண்டரும் கிராங்கும் அரிதாகிக்கொண்டே வருகின்றன. புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளில் நல்ல பாகம் ஒன்று கண்ணில் பட்டால் விற்பவர் சொன்னதுதான் விலை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி ஆளை இழுக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன், நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். முழு த்ராட்டிலில் ஓடி முடித்த இடத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஆறுவதற்குள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கானைப் பார்ப்போம். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கின்றன. கரி படிந்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் சூடேறுகிறது. நாம் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவதால், பெட்ரோல் குறையும்போது பிஸ்டனுக்குப் போகும் எண்ணெயும் குறைகிறது. ஆனால் வண்டி பறப்பது அந்த வெளுப்பின் விளிம்பில் ஓடும்போதுதான். அதனால்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை இன்னும் ஒரு அளவு குறைத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. அடுத்த ஓட்டத்தில் பாதித் தூரத்தில் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். சிலிண்டரைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுக்குக் கோடுகளாக உரசல், சிலிண்டர் சுவரில் அப்பிய அலுமினியம். பிறகு சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும், அதற்கேற்ற பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். ஒரு மாதச் சேமிப்பு அங்கேயே முடிந்தது. நம் பக்கம் கடற்காற்றில் ஈரம் வேறு காலையிலும் மதியத்திலும் ஒரே அளவில் இருக்காது. காலையில் சரியாக இருந்த ஜெட் மதிய வெயிலில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இத்தனை செலவும் எவ்வளவு நேரத்தைக் குறைக்கிறது என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க ஆகும் நேரம், எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தை ஒட்டி மாறுகிறது. எளிதாகச் சொன்னால், நேரத்தில் 1 சதவீதம் குறைக்க எஞ்சின் சக்தியை ஏறக்குறைய 3 சதவீதம் கூட்ட வேண்டும். கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 14 விநாடியில் ஓடும் வண்டியில் 1 சதவீதம் என்பது 0.14 விநாடி. இதே கணக்கு எடைக்கும் பொருந்தும். வண்டியும் நீங்களும் சேர்ந்து 175 கிலோ என்றால், உங்கள் உடம்பில் 5 கிலோ குறைந்தாலே ஏறக்குறைய அந்த 0.14 விநாடி கிடைத்துவிடும். அதற்கு லேத்துக்கும் போக வேண்டாம், புதுப்பேட்டைக்கும் போக வேண்டாம்.

தொடக்கக் கோட்டில் இருப்பது இன்னும் பெரிய புதையல். மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்து பச்சை விழுகிறது. கடிகாரம் பச்சை விழுந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. உங்கள் முன்சக்கரம் கோட்டில் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. ஆனால் இருவர் மோதும் ஓட்டத்தில் முதலில் கோட்டைத் தொடுபவர்தான் வெற்றியாளர். பச்சை விழுந்து 0.5 விநாடி கழித்துக் கிளம்பி 14.0 விநாடியில் ஓடியவர், 0.2 விநாடியில் கிளம்பி 14.2 விநாடியில் ஓடியவரிடம் தோற்பார். மெதுவான வண்டி வேகமான வண்டியை வெல்வதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன், நானே வென்றும் இருக்கிறேன். அங்கே நமக்கு 302 மீட்டர்தான். தூரம் குறையக் குறையத் தொடக்கத்தின் மதிப்பு கூடுகிறது. முதல் 18 மீட்டரில் மிச்சப்படுத்திய நேரம் கடைசிக் கோட்டில் அதைவிடக் கூடுதலாகவே கைக்கு வரும் என்பது பழகியவர்கள் எல்லோரும் சொல்வது. கிளட்சை விடும் விரல், டயர் காற்று, உடம்பை முன்னால் சாய்க்கும் நேரம் என்று அங்கே கற்றுக்கொள்ள ஒரு வருடம் போதாது.

தேசியப் போட்டியின் உயர் பிரிவுகளைப் பார்த்து மனம் குழம்ப வேண்டாம். பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா ஹயபூசா என்ற பெரிய சுசூகி பைக்கில் ஓடுவதை நானும் வாய் பிளந்துதான் பார்க்கிறேன். அது வேறு உலகம். பலமுறை தேசிய சாம்பியனான அவருக்குப் பின்னால் ஓர் அணியே நிற்கிறது. நீங்களும் நானும் மாதச் சம்பளக்காரர்கள்.

எஞ்சினைத் தொடாத அந்த ஒரு வருடத்தை நானும் என் நண்பர் ஒருவரும் சேர்ந்தே கடந்தோம். அவர் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறைக்காரர். எனக்கு அந்த வருடம் பந்தயம் இன்னும் இனித்தது. விளக்கைப் பார்த்துக் கிளம்புவதில்தான் என் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். டூ ஸ்ட்ரோக்கை விற்றுவிட்டு, சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் பிரிவுக்கு மாறினேன். பழைய வண்டி, பெரிய மாற்றம் ஏதுமில்லை, செலவு பாதிக்கும் கீழே. நண்பருக்கோ சில மாதங்களிலேயே சலித்துவிட்டது. அவருக்குப் பிடித்தது எஞ்சினைத் திறப்பதும் அளப்பதும் அரைப்பதும்தான். கோட்டில் போய் நிற்பது அவருக்கு ஒரு சடங்கு. அவர் ஓடுவதை நிறுத்திவிட்டார். இப்போது மற்றவர்கள் கொண்டுவரும் சிலிண்டர்களுக்கு வேலை செய்து கூலி வாங்குகிறார். செலவாகிக்கொண்டிருந்தது வருமானமாகிவிட்டது, முகத்திலும் ஒரு நிறைவு தெரிகிறது. எங்கள் இருவருக்கும் அந்த ஒரு வருடம் நல்லது செய்தது.

கடன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அதை மட்டும் பூசி மெழுகியிருக்கிறீர்கள். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் போகிறது. அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கும்போது நீங்கள் எந்த நேரத்தில் கோட்டைத் தொட்டாலும் எனக்கு அது பெரிதாகப் படாது. மாதம் 10,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டால் 5 வருடத்தில் போட்டது மட்டுமே 6 லட்சம். 7 சதவீத வட்டி கிடைத்தால் 7 லட்சத்தைத் தாண்டும். ஒரு குடும்பம் வீடு மாறுவதற்கான முன்பணம், பிரசவம், அப்பாவின் கண் அறுவை சிகிச்சை எல்லாம் அதற்குள் அடங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயத்தில் நடக்கும் விபத்துக்குப் பணம் தராது. பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கு. தனிநபர் விபத்துக் காப்பீடுகளிலும் இத்தகைய விலக்குகள் உண்டு. உங்கள் பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். போட்டி நடத்துபவர்களிடம் காப்பீடு எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கை உடைந்து மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தால் வீடு எப்படி ஓடும் என்பதற்குப் பதில் இல்லாதவர் கோட்டில் நிற்கக் கூடாது.

பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று தொகையைச் சொல்லியே பேசுங்கள். ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்; என் மனைவி ஒப்புக்கொண்டார், கணக்கு நோட்டும் அவரிடம்தான் இருக்கிறது.

விடுவது என்று முடிவெடுத்தால் எனக்கு ஒரே ஒரு பயம்தான். திடலில் ஓடக் காசு போதவில்லை என்று விட்டவர்களில் சிலர் ராத்திரியில் சாலைக்குப் போகிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையை நீங்களும் நானும் பகலிலேயே பார்த்திருக்கிறோம். வரிசையாக கன்டெய்னர் லாரிகள், கடலோரத்து மணல், திடீரென்று குறுக்கே வரும் மீன் வண்டி. பொது இடத்தில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை சிறை ஒரு வருடம் வரை போகலாம். சட்டத்தைக்கூட விடுங்கள், அந்த நேரத்தில் சாலையைக் கடப்பவர் உங்கள் பந்தயத்துக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வேகத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஓடும் பழக்கம் நம் வடக்குப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. இருங்காட்டுக்கோட்டைத் திடல் வருவதற்கு முன்பு, செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. அதைப் பார்க்கப் போன கதையை எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

விற்பது என்று வந்துவிட்டால் அவசரப்பட்டு முழு வண்டியாகத் தள்ளிவிடாதீர்கள். பந்தய எஞ்சினோடு கேட்பவர்கள் குறைவு, அடிமாட்டு விலைக்கே கேட்பார்கள். அசல் சிலிண்டரும் சைலன்சரும் கைவசம் இருந்தால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பதிவுச் சான்றிதழோடு விற்பதுதான் லாபம். பந்தய பாகங்களைத் தனியாக, ஓடுகிற பையன்களிடமே கொடுங்கள். ஹெல்மெட்டை மட்டும் யாருக்கும் விற்க வேண்டாம். உள்ளே எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பில் மார்ஷல் வேலைக்கு ஆள் தேவையா என்று விசாரியுங்கள். கொடி பிடிப்பவர்களும் எண்ணெய் சிந்திய இடத்தைச் சுத்தம் செய்பவர்களும் இல்லாமல் எந்தப் பந்தயமும் நடக்காது. மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் இறங்கினால், விடியற்காலையில் நெரிசல் இல்லாமல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.