ஹெரால்டின் துருத் தகடு

கேள்வி: என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் கதவுகளுக்குக் கீழேயுள்ள நீளத் தகடு துருப்பிடித்து உதிர்கிறது. வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் வழியில் சென்னையில் தயாரான இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு. ஆகவே, அம்பாசடரில் அந்தத் தகடு வண்டியின் பாரத்தைத் தாங்குவதுபோல் இதில் தாங்குவதில்லை, போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். போல்ட்டுகள்தாம் முரண்டுபிடிக்கும், முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். தகட்டை எடுத்ததும், அது மறைத்திருந்த சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்தக் கைகளும் துருவால் அரித்துவிட்டன, புதுத் தகடு இப்போதைக்கு வீண்செலவு; பெட்ரோல் டேங்கை இறக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அனுபவமுள்ள வெல்டரை அழைப்பதே முறை. புதுத் தகட்டின் உட்புறத்துக்கும் துருத்தடுப்புப் பெயிண்ட் அடித்து, கதவின் இடைவெளியைச் சரிபார்த்த பிறகே போல்ட்டுகளை முழுதாக இறுக்குங்கள்.