கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சிக்கு வீட்டிலேயே நட்சத்திரம் செய்வது எப்படி? கடையில் வாங்கியது சவுக்குக் கொப்பில் நிற்காமல் சாய்கிறதே?

சாய்வதற்குக் காரணம் உங்கள் நட்சத்திரம் இல்லை, கொப்புதான். கடை நட்சத்திரங்களைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் மரத்துக்காகச் செய்கிறார்கள். அந்த மரத்தின் நடுவில் விறைப்பான கம்பி இருக்கும், செருகினால் நின்றுவிடும். சவுக்கின் நுனியோ ஒரு குருவி உட்கார்ந்தாலே வளையும். (சவுக்கு பைன் இனமே இல்லை. நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையும் இல்லை, கணுக்கணுவான மெல்லிய பச்சைக் குச்சி. இழுத்துப் பாருங்கள், கணு கணுவாகக் கழன்று வரும்.) அதனால் நட்சத்திரம் லேசாக இருக்க வேண்டும், தாங்குவதற்குத் தனியாக ஒரு குச்சியும் வேண்டும்.

எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். வாசலில் தொங்கும் பெரிய நட்சத்திரத்தை அப்பா மூங்கில் சிம்பில் கட்டுவார். மரத்து உச்சிக்கு மட்டும் ஈர்க்குச்சிதான். இப்போது அந்த வேலை என் கைக்கு வந்திருக்கிறது, நானும் ஈர்க்குச்சியை மாற்றவில்லை. அதைவிட லேசானது, இந்த அளவுக்கு விறைப்பானது வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

நாலைந்து அடி உயரக் கொப்புக்கு 20 செ.மீ. குச்சிகள் சரியாக இருக்கும். புதுத் துடைப்பத்திலிருந்து உருவி, தடித்த அடிப்பகுதியை மட்டும் வெட்டிப் பத்துக் குச்சிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகளிலிருந்தும் 7.6 செ.மீ. தள்ளிப் பேனாவால் ஒரு குறி. இதை மட்டும் சோம்பல்படாமல் செய்துவிடுங்கள். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் நட்சத்திரம் போடுவோமே, அதே வரிசையில் ஐந்து குச்சிகளை அடுக்கி முனைகளை நூலால் கட்டினால், குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடமெல்லாம் அந்தக் குறிகளில் வந்து விழும். விழவில்லை என்றால் நட்சத்திரம் எங்கோ கோணியிருக்கிறது. வேறு அளவில் செய்வதானால் குச்சியின் நீளத்தை 0.382ஆல் பெருக்குங்கள், குறி கிடைத்துவிடும்.

இதே போல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் இரண்டு சட்டங்களையும் லேசாகப் பிரித்து, நடுவில் 4 செ.மீ. துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். தட்டையாகக் கிடந்த கூடு ஒவ்வொரு முட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி எழும். சின்ன வயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதற்காகவே காத்திருப்பேன். இப்போது என் மகள் காத்திருக்கிறாள். ஐந்தாவது முட்டு அவள் கையால்தான்.

தாள் ஒட்டுவதற்கு முன்பே தாங்கு குச்சியைக் கட்டிவிடுங்கள். ஒன்றரை அடி மூங்கில் குச்சி போதும். கீழ்க்கால்கள் இரண்டும் சேரும் இடத்தில் நுழைத்து, உள்ளே மேல் முனைவரை ஏற்றி, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கட்டு. ஒரு வருடம் இதை மறந்துபோய், ஒட்டிய தாளைக் கிழித்து மறுபடி ஒட்டினேன்.

தாளுக்குப் பட்டம் செய்யும் மெல்லிய கலர் பேப்பர். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை, தண்ணியாக இருக்கட்டும். ஒட்டும்போது தாள் தொய்ந்தால் பயப்படாதீர்கள், காயும்போது தானே இழுத்துக்கொள்ளும். ஓரங்களில் ஜிகினாத் தாளை நறுக்கி ஒட்டலாம். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் திறந்து விடுங்கள், விளக்கு வைக்க.

விளக்கு விஷயத்தில் தயவுசெய்து கவனம். பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு பெயரில்தான் ஜீரோ, உண்மையில் 15 வாட்ஸ் வரை எடுக்கும், நன்றாகச் சுடும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் அப்படித்தான் தாள் கருகியது, நல்லவேளை ஆள் பக்கத்தில் இருந்தோம். பேட்டரியில் எரியும் எல்இடி சரம் போதும். பேட்டரிப் பெட்டி நட்சத்திரத்தைவிடக் கனம், ஆகவே அதைக் கீழே தண்டோடு கட்டிவிடுங்கள்.

கடைசியாகக் கொப்பு. வளைகிற நுனியைப் பென்சில் தடிமன் வரும்வரை வெட்டுங்கள், மனசு கேட்காவிட்டாலும். தாங்கு குச்சியின் அடியைத் தண்டோடு மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினால் மின்விசிறிக் காற்றுக்கும் அசையாது.

ஐந்து முனைதான் இருக்க வேண்டுமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் சாஸ்திரிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் வருகிறது, அதற்கு எத்தனை முனை என்று அங்கே இல்லை. ஆறு பிடித்தால் ஆறு செய்யுங்கள். அப்போது இரண்டு முக்கோணம், குறி சரியாக மூன்றில் ஒரு பங்கில் வரும். அதுவே இன்னும் சுலபம்.

எங்கள் வீட்டில் ஜனவரி 6 வரை இறக்க மாட்டோம். இறக்கியதும் தாளை மட்டும் நனைத்து உரித்துவிட்டுக் கூட்டைப் பரணில் வைப்போம். இப்போதிருக்கும் கூட்டுக்கு இது நாலாவது வருடம். இந்தத் தடவை மகள் சிவப்புத் தாள் கேட்டிருக்கிறாள்.