வெயில்ல பழவேற்காடு டிரிப், நாய கார்ல விட்டுட்டு எறங்கி சுத்தலாமா?

தண்டையார்பேட்டைலருந்து பழவேற்காடு போறோம், டச்சு கல்லறை பாக்குற அரை மணி நேரம் கண்ணாடிய கொஞ்சம் எறக்கி நாய கார்லயே வுட்டுட்டு போலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாம் ப்ரோ, சத்தியமா வேணாம். வெளிய 35 டிகிரி இருந்தா மூடுன காருக்குள்ள பத்தே நிமிஷத்துல 45 கிட்ட போயிடும், கண்ணாடிய ரெண்டு விரல் எறக்குனாலும் பெருசா வித்தியாசம் இல்ல, நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கும், சுத்தி இருக்குற காத்தே அனலா இருந்தா அது இன்னா பண்ணும்? பக் நாய் மாதிரி சப்ப மூக்குன்னா இன்னும் மோசம்.

நாங்க ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சுதான் பாப்போம், மத்தவங்க நாயோட நெழல்ல. காலைல 6 மணிக்கே கெளம்பிட்டா பாதி பிரச்சன இல்ல.

போன மே மாசம் மீஞ்சூர்ல டீக்கு நிறுத்துனப்ப எங்க நாய் மணி தார் ரோட்ல கால மாத்தி மாத்தி தூக்கிட்டு நின்னுச்சு, நான் வெளாடுதுன்னு நெனச்சு சிரிச்சிட்டு இருந்தேன், அப்பறம் பாத்தா பாதம் செவந்து கெடக்கு. அதுலருந்து பொறங்கைய ரோட்ல வெச்சுப் பாப்பேன், அஞ்சு செகண்ட் தாங்கலன்னா எறக்குறதே இல்ல.

நாய்க்கு சாதாரணமாவே 38, 39 டிகிரி சூடு இருக்கும், 41 தாண்டுனா உயிருக்கே ஆபத்து. எச்சி கெட்டியா ஒழுவுது, ஈறு கருஞ்செவப்பாவுது, தள்ளாடுதுன்னா மொதல்ல உடம்பு பூரா தண்ணி ஊத்தி ஏசி காத்துல காட்டுங்க, ஈரத்துண்ட மேல போத்தி அப்டியே வுட்டுடாதீங்க, அது சூட்ட உள்ளயே புடிச்சு வெச்சிக்கும். ஊத்திட்டே பக்கத்துல இருக்குற வெட்னரி டாக்டர் கிட்ட ஓடுங்க, சென்னைக்குள்ள வந்துட்டீங்கன்னா வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி இருக்கு.