செல் சவ்வும் வைரஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வைரஸ் எப்படி செல்லுக்குள் வருகிறது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறீர்கள். வந்த பிறகு அது பெருகுவதும், வெளியேறுவதும், வெளியேற முடியாமல் சிக்குவதும்கூட நம் செல்லின் சவ்வுப் புரதங்களைப் பொறுத்ததுதான். அதனால் இந்த முறை அந்தப் பக்கக் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டேன்.

பூட்டில் சாவி பொருந்துவதுபோல ஏற்பியில் வைரஸ் பொருந்தினால் தொற்று வந்துவிடும் என்று படித்தோம். அவ்வளவுதானா?

ஏற்பி என்பது வைரஸ் பிடித்துக்கொள்ளும் நம் செல்லின் புரதம். ஆனால் ஒட்டிக்கொள்வது வேறு, தொற்றுவது வேறு. எச்.ஐ.வி.யின் ஏற்பி சிடி4 என்பது 1984-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் மனித சிடி4-ஐ எலியின் செல்லில் வைத்துப் பார்த்தால் வைரஸ் ஒட்டியது, உள்ளே போகவில்லை. கூடவே வேண்டியிருந்த சிஎக்ஸ்சிஆர்4, சிசிஆர்5 என்ற துணை ஏற்பிகள் பிடிபட 1996 ஆகிவிட்டது. வைரஸின் ஜிபி120 புரதம் சிடி4-ஐப் பிடித்ததும் வடிவம் மாறுகிறது. அப்போதுதான் துணை ஏற்பியைப் பிடிக்கும் பகுதி வெளியே வருகிறது. அப்புறம்தான் வைரஸின் இன்னொரு புரதமான ஜிபி41 வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இழுத்து ஒன்றாக்குகிறது.

பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்றாதவர்கள் உண்டா?

சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குத் தொற்றுவது மிக அரிது. வட ஐரோப்பிய வம்சாவளியில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் அப்படி. எச்.ஐ.வி. தொற்று இருந்த டிமோத்தி ரே பிரவுன் என்பவருக்கு, ரத்தப் புற்றுநோய்க்காக 2007-லும் 2008-லும் இப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்கள் செலுத்தப்பட்டன. 2020-ல் புற்றுநோயால் அவர் இறக்கும்வரை எச்.ஐ.வி. திரும்பவில்லை. இருந்தாலும் இதை முழுக் கவசம் என்று நினைக்க வேண்டாம். சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழையும் வகைகள் இவர்களையும் தொற்றியிருக்கின்றன.

ஏற்பி என்றால் செல்லின் வெளிப்புறத்தில்தான் இருக்குமா?

எபோலாவுக்கு அப்படி இல்லை. செல் அதை விழுங்கி, உள்ளே ஒரு சவ்வுப் பைக்குள் கொண்டுபோகிறது. அங்கே நொதிகள் வைரஸின் மேற்புரதத்தை வெட்டிய பிறகுதான் அது என்பிசி1 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. கொழுப்பைக் கடத்துவதுதான் என்பிசி1-இன் சொந்த வேலை. அது பழுதான நோயாளிகளின் செல்களில் எபோலா பெருகவில்லை என்று 2011-ல் தெரிந்தது.

டெங்கு வைரஸ் உள்ளே நுழைந்த பிறகும் சவ்வுப் புரதங்கள் தேவையா?

கட்டாயம் தேவை. டெங்கு தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை நகலெடுப்பது, செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வு வலைப்பின்னலில். அந்தச் சவ்வை உள்நோக்கிக் குழித்துச் சின்னச் சின்ன அறைகள் செய்துகொள்கிறது. வைரஸின் என்எஸ்4ஏ, என்எஸ்4பி புரதங்கள் சவ்வில் சரியாகப் பதிய வேண்டுமானால் இஎம்சி என்ற நம் புரதத் தொகுதி உதவ வேண்டும். டிஎம்இஎம்41பி இன்னொன்று. சவ்வின் இரு அடுக்குகளுக்கிடையே கொழுப்பு மூலக்கூறுகளை இடம் மாற்றும் புரதம் அது. அந்த மரபணுவை நீக்கிய செல்லில் டெங்கு, ஜிகா மட்டுமல்ல, கொரோனா வைரஸ்களும் பெருகத் திணறுகின்றன. குடும்பமே வேறான வைரஸ்கள் ஒரே புரதத்தை நம்பியிருக்கின்றன! ஏற்பிக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இந்த உள்சவ்வுப் புரதங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வைரஸைத் தடுக்கும் சவ்வுப் புரதமும் இருக்கிறதா?

இருக்கிறது. ஐஎஃப்ஐடிஎம்3 இன்ஃபுளுவென்சாவின் சவ்வு நம் சவ்வோடு இணைவதைத் தடுக்கிறது. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது டெதரின். அதன் ஒரு முனை செல் சவ்விலும் மறுமுனை புதிதாக வெளிவரும் எச்.ஐ.வி.யின் உறையிலும் பதிந்துகொள்ளும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், முழுதாக உருவான வைரஸ்கள் போக முடியாமல் செல்லின் மேல் கொத்தாகத் தொங்கும். எச்.ஐ.வி. இதற்கு மாற்றாக விபியு என்ற புரதத்தை வைத்து டெதரினை மேற்பரப்பிலிருந்து அகற்றிவிடுகிறது. சிம்பன்சியில் இருந்த மூதாதை வைரஸ் நெஃப் புரதத்தால் இதைச் செய்தது. நெஃப் பிடிக்கும் ஐந்து அமினோ அமிலங்கள் மனித டெதரினில் இல்லை. அதனால் உலகெங்கும் பரவிய எம் வகை எச்.ஐ.வி. அந்த வேலையை விபியுவிடம் ஒப்படைத்துக்கொண்டது.

அப்படியென்றால் இந்தப் புரதங்களையே மருந்தால் அடைத்துவிடலாமே?

சிலவற்றில் செய்கிறார்கள். சிசிஆர்5-ஐ அடைக்கும் மாராவிரோக் 2007-லேயே வந்தது. ஆனால் நோயாளியிடம் இருப்பது சிசிஆர்5-ஐப் பயன்படுத்தும் வைரஸ்தானா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, டி வைரஸ்கள் கல்லீரல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் என்டிசிபி என்ற புரதத்தை அடைக்கும் மருந்து புலெவிர்டைடு. ஹெபடைடிஸ் டி-க்கு ஐரோப்பாவில் 2020-ல் அனுமதி பெற்றது. என்டிசிபி பித்த உப்புகளைக் கல்லீரலுக்குள் எடுத்துச்செல்லும் புரதம் என்பதால், இந்த மருந்து எடுப்பவர்களின் ரத்தத்தில் பித்த உப்பு கூடுகிறது. வைரஸுக்கு உதவும் புரதத்துக்கு நம் உடலில் சொந்த வேலை ஒன்று இருக்கும். எதை அடைத்தாலும் அந்த வேலை எவ்வளவு கெடும் என்று பார்த்துத்தான் அடைக்க முடியும்.