நல்லதையே நினைத்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஆர்டர் இல்லை என்று தை மாதம் நிறுத்திவிட்டார்கள். மச்சான் தினமும் காலையில் ‘பாசிட்டிவா நினை, எல்லாம் நடக்கும்’ என்று வாட்ஸ்அப் அனுப்புகிறார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன், தூக்கம் போனதுதான் மிச்சம். ‘எதை நினைக்கிறாயோ அதுவாகவே ஆகிறாய்’ என்று புத்தரே சொன்னாராமே? அப்படியென்றால் வேலை போனதும் என் நினைப்பால்தானா?

ஆர்., பேரணாம்பட்டு

அன்புள்ள ஆர்.,

இல்லை. ஆர்டர் நின்றதற்கும் உங்கள் நினைப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பழைய பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 19ஆம் உரையில் அவர் சொல்வது வேறு: ஒருவன் எதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறானோ அந்தப் பக்கம் அவன் மனம் சாயும். மனம் சாயும், அவ்வளவுதான். வேலை கிடைக்கும், கடன் அடையும் என்றெல்லாம் அங்கே இல்லை. ஞானம் அடைவதற்கு முன்னால், ஆசை, பகை, ஹிம்சை என்று ஓடும் நினைப்புகளை ஒரு பக்கமும் இவற்றுக்கு எதிரானவற்றை மறுபக்கமும் பிரித்து வைத்துப் பார்த்தாராம். ‘என் நினைப்பால்தானா’ என்று உங்களை நீங்களே குத்திக்கொள்கிறீர்களே, அதுவும் ஹிம்சைதான் என்பேன் நான்.

அந்த உரையில் ஒரு மாட்டுக்காரன் வருகிறான். மழைக்காலக் கடைசியில் பயிர் நிறைந்து நிற்கும்போது அவன் கம்பும் கையுமாக மாட்டைத் தட்டித் திருப்புகிறான், கோடையில் அறுப்பு முடிந்தபின் மரத்தடியில் உட்கார்ந்து ‘மாடுகள் அங்கே இருக்கின்றன’ என்று தெரிந்து வைத்திருந்தாலே அவனுக்குப் போதும். பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரையில் எங்கள் தாத்தாவோடு மாடு மேய்த்தவன் நான், படித்ததும் சிலிர்த்துவிட்டது. மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், மாடு வாயை வைத்தால் தாத்தா ஓடுவார். சித்திரையில் துண்டை விரித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார், கண் மட்டும் மாட்டின் மேலேயே இருக்கும். அடிக்கவும் மாட்டார், கொஞ்சவும் மாட்டார்.

இன்னொன்றையும் உங்கள் மச்சானுக்குச் சொல்லுங்கள். ‘நல்ல நினைப்பையே ராப்பகலாக நினைத்தாலும் அதில் எனக்குப் பயமில்லை, ஆனால் ரொம்ப நேரம் நினைத்தால் உடம்பு களைத்துப்போகும், உடம்பு களைத்தால் மனம் கலங்கும்’ என்கிறார் புத்தர் அதே உரையில். நல்ல நினைப்புக்கே இந்தக் கதி என்றால், நம்பாத வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று சொன்னால் தூக்கம் எப்படி வரும்?

அதனால் கண்ணாடியை விடுங்கள். ராத்திரி நினைப்பு வந்தால், தாத்தா மாட்டைப் பார்த்த மாதிரி, ‘பயம் வந்திருக்கிறது’ என்று மட்டும் பாருங்கள், விரட்ட வேண்டாம். அப்புறம் அந்தப் பயத்துக்குள் செய்யவேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். பணத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போங்கள். தூக்கம் இப்படியே இருந்தால் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். மச்சானிடம் கோபப்பட வேண்டாம், அக்கறையை வேறு எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.