அக்காவிடம் கேளுங்கள்: ஜப்பானில் முதல் நாலு நாள்

கல்லூரியில் படிக்கும்போது மாணவர் குழுவோடு நாகசாகிக்கு ஊழியப் பயணம் போனதையும், அப்புறம் இரண்டு தடவை குழுத்தலைவியாகப் போனதையும் போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. பாதிக் கடிதங்கள் இந்த வருஷம் கிளம்புகிற பிள்ளைகளிடமிருந்து, மீதி அவர்களுடைய அம்மாக்களிடமிருந்து. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஆறு பேர் பத்து நாள் போகிறோம். விசா விண்ணப்பத்தில் 'சுற்றுலா' என்று போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள். போடலாமா அக்கா?
மாணவி, நாகர்கோவில்

போடாதீர்கள். எந்தச் சபைக்குப் போகிறீர்கள், எத்தனை நாள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று அந்தச் சபையே அழைப்புக் கடிதம் எழுதித் தரும். நாள்வாரித் திட்டமும் இணைக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பொய் சொல்லி உள்ளே போய்விட்டு அங்கே சத்தியத்தைப் பற்றிப் பேசுவதாவது!

இன்னொன்று, பெட்டி கட்டும்போது அம்மாவைக் கொஞ்சம் கண்காணியுங்கள். சிக்கன் ஊறுகாய், மட்டன் தொக்கு என்று இறைச்சி கலந்த எதையும் கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போடுகிற மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபிட்ரின் இருக்கும், அது பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானில் தடை. மருந்துச் சீட்டோடு, அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து எடுத்து வையுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக்கில் இரண்டு தட்டை முள், கைபேசி சார்ஜருக்கு ஒரு அடாப்டர் போதும்.

போய் இறங்கியதும் முதல் நாளே ஊழியம் ஆரம்பித்துவிடுமா? பிரசங்கம் தயாரித்துக்கொண்டு போக வேண்டுமா?
இறுதியாண்டு மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, நானும் மூன்று பிரசங்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் நான் செய்த ஊழியம் என்ன தெரியுமா? நாற்காலி அடுக்கியது. இரண்டாம் நாள், சபைக் கட்டிடத்துக்கு முன்னால் இருந்த சாக்கடை ஓரத்தில் புல் பிடுங்கியது. மூன்றாம் நாள் ஞாயிறு. ஆராதனை பத்தரைக்கு என்றால் பத்தேகாலுக்கே எல்லாரும் உட்கார்ந்து வேதத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாரும் என்றால் இருபத்திரண்டு பேர், அதில் முக்கால்வாசி நரைத்த தலை. ஆயிரம் பேர் கைதட்டிப் பாடுகிற சபையிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு அந்த அமைதி முதலில் பயமாக இருக்கும். 'இங்கே ஆவி இல்லையோ' என்று எங்கள் குழுவில் ஒருவன் என் காதில் கேட்டான். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மொத்தமாகவே மக்கள்தொகையில் ஒரு சதவீதம்தான். அந்த இருபத்திரண்டு பேரில் பலர், குடும்பத்தில் வேறு யாருமே வராமல் ஒற்றை ஆளாக நாற்பது வருஷமாக வருகிறவர்கள் என்று அன்று மதியம் தெரிந்தபோது அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் உங்களை எழுப்பி நிறுத்தி அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். 'ஹஜிமெமாஷ்தே' (முதல் சந்திப்பில் சொல்கிற வணக்கம்), பெயர், 'இந்தோ கரா கிமாஷ்தா', அதாவது இந்தியாவிலிருந்து வந்தேன். இவ்வளவு போதும், குனிந்து வணங்கிவிட்டு உட்காருங்கள். அப்புறம் சாப்பாடு. இந்தியப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று எங்களுக்காகவே கறி சோறு வைத்திருந்தார்கள். ஜப்பான் கறி கெட்டியாக, இனிப்பாக, கூழ் மாதிரி இருக்கும். எண்பது வயசு இருக்கும் ஒரு பாட்டி எங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று, முகத்தையே பார்த்துக்கொண்டு, 'காரமாக இருக்கிறதா?' என்று கவலையோடு கேட்டார். நாங்கள் ஆறு பேரும் 'ஆமாம், ரொம்பக் காரம்' என்று சொல்லி, தண்ணீர் வேறு குடித்துக் காட்டினோம். பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

செருப்பு விஷயம் எல்லாருக்கும் தெரியும், வாசலில் கழற்றிவிட்டு உள்ளே செருப்பு மாற்ற வேண்டும். தெரியாதது, கழிப்பறைக்கு என்று தனிச் செருப்பு உண்டு, அது அந்த அறையைத் தாண்டி வரக் கூடாது. எங்களில் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டே ஜெபக் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அங்கே கஷ்டம், யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரயில் நிலையத்தில் கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுத்தாள்) கொடுக்கலாமா? மத சுதந்திரம் இருக்கிற நாடுதானே?
இளைஞர், தூத்துக்குடி

அரசியல் சாசனத்தின் 20-வது பிரிவில் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் ஜப்பானியர் மனசில் 'மதம்' என்ற சொல்லோடு என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ என்ற கூட்டம் தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுவை விட்டது. அந்தக் கூட்டத்தில் படித்த இளைஞர்கள், விஞ்ஞானப் பட்டதாரிகள் இருந்தார்கள். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டார், சுட்டவன் தன் தாய் ஒருங்கிணைப்புச் சபை (Unification Church) என்ற மதக் கூட்டத்துக்குக் காணிக்கை கொடுத்தே குடும்பம் நொடித்துப்போனது என்று சொன்னான். அந்தச் சபையைக் கலைக்கச் சொல்லி 2025 மார்ச்சில் தோக்கியோ நீதிமன்றம் உத்தரவிட்டது. இதனால் பல்கலைக்கழகங்களில் புது மாணவர்களைச் சேர்க்கும்போதே 'சிரித்துப் பேசி நட்பாகி, கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் ஜாக்கிரதை' என்று எச்சரிக்கிறார்கள். இப்போது நீங்கள் அந்த வளாகத்தில் நின்று சிரித்துப் பேசி நட்பாகி ஆங்கில வகுப்புக்குக் கூப்பிடப் போகிறீர்கள். அவர்கள் கண்ணுக்கு எப்படி இருக்கும், யோசியுங்கள். ஆங்கில வகுப்பு நடத்துங்கள், நல்லதுதான், ஆனால் அதை நடத்துவது சபை என்பதையும் கடைசியில் வேதத்திலிருந்து பேசுவீர்கள் என்பதையும் அழைப்புத் தாளிலேயே போட்டுவிடுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நாலாம் நாள் சாயங்காலம் ஒரு தெரு முழுக்க வீட்டு அஞ்சல் பெட்டிகளில் கைப்பிரதி போட்டுக்கொண்டே போனேன், இருபது நிமிஷத்தில் நூறு தாள், மனசுக்குள் பாட்டு வேறு. பல பெட்டிகளில் சின்னதாக ஒரு ஒட்டுத்தாள் இருந்தது. ஏதோ வீட்டுக்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். 'விளம்பரத் தாள் போட வேண்டாம்' என்று எழுதியிருந்திருக்கிறது. கைப்பிரதிக்குப் பின்னால் சபையின் தொலைபேசி எண் இருந்ததால் அன்று இரவே இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் காலை போதகர் ஐயா கோட்டு போட்டுக்கொண்டு, கையில் காகிதம் சுற்றிய பலகாரப் பெட்டிகளோடு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, 'பக்கத்து வீடுகளுக்கு ஒரு வணக்கம்' என்றார். பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும், வீடு வீடாகப் போய் வாசலில் குனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் பத்தாம் நாள் விமானம் ஏறிவிட்டேன், அவர் அந்தத் தெருவில்தான் இன்னமும் இருக்கிறார். உள்ளூர்ச் சபையைக் கேட்காமல் ஒரு தாளைக்கூட யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊர் சவேரியார்தான் ஜப்பானுக்கும் போனாரா?
வாசகி, கோட்டாறு

அவரேதான். 1542-லிருந்து நம் முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர் ஊர்களில் சுற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். நம் கரையில் ஜெபங்களைத் தமிழில் சொல்ல உள்ளூர்க்காரர்களை நம்பியிருந்தது போலவே அங்கேயும் அஞ்சிரோ என்கிற ஜப்பானியரை நம்பியிருந்தார். மலாக்காவில் சந்தித்த ஆள். 'கடவுளுக்கு உங்கள் மொழியில் என்ன சொல்?' என்று கேட்க, அஞ்சிரோ 'தைனிச்சி' என்றார். சவேரியாரும் தெருத்தெருவாகத் தைனிச்சியை வணங்குங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார், புத்த பிக்குகள் சிலர் அன்போடு வரவேற்றார்கள். பிறகுதான் தெரிந்தது, அது வைரோசன புத்தருடைய பெயர்! உடனே அதை விட்டுவிட்டு 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். கியோத்தோவுக்குக் கடுங்குளிரில் நடந்து போய் மன்னரைப் பார்க்க முடியாமல் திரும்பினார். கந்தல் உடைக்கு அங்கே மதிப்பில்லை என்று புரிந்ததும் யாமகுச்சிக்கு நல்ல பட்டு உடுத்தி, கடிகாரம் முதலான பரிசுகளோடு போனார். முதல் நாட்களில் தப்பு செய்தோமே என்று அழுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற கதை இதுதான்.

நாகசாகி போகிறவர்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற நிஷிசாக்கா மேட்டுக்குக் கட்டாயம் போங்கள். 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேரைச் சிலுவையில் அறைந்த இடம். அவர்களில் ஒருவர் மும்பைக்குப் பக்கத்து வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1614-ல் நாடு முழுக்கத் தடை வந்தது, குருக்கள் இல்லை, கோயில் இல்லை, இயேசுவின் உருவத்தை மிதித்துக் காட்டச் சொல்லிச் சோதித்தார்கள். விசுவாசத்தை ஒளித்து வைத்துக்கொண்டே அப்படி ஏழு தலைமுறை போனது. 1865 மார்ச் 17 அன்று ஓவுரா கத்தோலிக்கக் கோயிலுக்குள் உராகாமி ஊரார் சிலர் தயங்கித் தயங்கி வந்து, 'மரியாளின் சிலை எங்கே?' என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் கேட்டார்கள். அந்த உராகாமிக்கு மேலேதான் 1945-ல் அணுகுண்டு வெடித்தது. (நான் சீர்திருத்தச் சபைக்காரி. ஆனாலும் அந்தக் கோயில் வாசலில் நின்றபோது எந்தச் சபை என்ற நினைப்பே வரவில்லை.)

இவ்வளவு நடந்த ஊருக்கு 'சுவிசேஷத்தைக் கொண்டு போகிறோம்' என்று நோட்டீஸில் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

நான் சைவம். சமாளிக்க முடியுமா?
மாணவி, மதுரை

கஷ்டம். வெறும் காய்கறிச் சாறு மாதிரி தெரிகிற சூப்பிலும் பெரும்பாலும் 'தாஷி' இருக்கும், சூரை மீன் கருவாட்டைச் சீவிப் போட்ட தண்ணீர் அது. முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு மேஜையில் சொன்னால் சமைத்தவர் தவித்துப் போவார். அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் ஊறுகாய்ப்பழம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். ரொட்டி வேண்டுமானால் 'பான்' என்று கேளுங்கள். போர்த்துகீசியர் விட்டுப் போன சொல், இலங்கைத் தமிழர் 'பாண்' என்பதும் அதே சொல்தான்.

எங்கள் குழு போன வருஷம் போனது. நிறைய பேர் இயேசுவை ஏற்றுக்கொண்டதாக அறிக்கை வாசித்தோம். அங்கிருக்கிற சபையில் இப்போது விசாரித்தால் ஒருவர்கூட வரவில்லை என்கிறார்கள். என்ன நடந்தது?
பெயர் வேண்டாம், கோவை

நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி தம்பி. எனக்கும் இதே அனுபவம். எங்கள் ஆங்கிலக் கூட்டத்தில் 'யாருக்கெல்லாம் இயேசு வேண்டும்?' என்று கேட்டதும் பன்னிரண்டு மாணவர்கள் கை உயர்த்தினார்கள். அன்று இரவு அழுதுகொண்டே அறிக்கை எழுதினேன். போதகர் ஐயா அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் 'ச்சொத்தோ...' என்று இழுத்தார். ச்சொத்தோ என்றால் 'கொஞ்சம்'. இழுத்துச் சொன்னால் 'அது சரியில்லை'. முதலில் இரண்டு பேர் கை தூக்கினார்கள், விருந்தாளி கேட்கும்போது தூக்காமல் இருப்பது மரியாதை இல்லையே என்று மற்றவர்களும் தூக்கினார்கள், அவ்வளவுதான் என்று மொழிபெயர்த்த அக்கா விளக்கினார். 'யோசித்துப் பார்க்கிறேன்' என்று ஒரு ஜப்பானியர் சிரித்துக்கொண்டே சொன்னால் அநேகமாக வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பன்னிரண்டை அடித்துவிட்டு, 'பன்னிரண்டு பேர் வந்து தேநீர் குடித்துப் பேசினார்கள்' என்று எழுதினேன். ஊரில் வாசித்தபோது ஒருவர்கூட ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நீங்களும் உங்கள் சபையில் ஒரு திருத்தம் வாசித்துவிடுங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும்.

தங்கப் போகிற வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?
ஒரு தாயார், சாத்தூர்

தனித்தனியாக உறை போட்ட சின்னப் பலகாரம் எதுவானாலும் சரி. பக்கத்திலேயே கோவில்பட்டி இருக்கிறது, கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள் அம்மா. வேர்க்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதை மட்டும் சொல்லிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். உங்கள் பிள்ளைக்கு முன்னால் பிரிக்க மாட்டார்கள், பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். நான் கொடுத்த பொட்டலத்தை அந்தப் பாட்டி அடுத்த ஞாயிறு சபைக்கே கொண்டு வந்து, ஒவ்வொரு மிட்டாயையும் கத்தியால் நாலாக நறுக்கி, இருபத்திரண்டு பேருக்கும் ஒரு துண்டு வருகிற மாதிரி தட்டில் அடுக்கியிருந்தார். எங்களுக்கும் ஆளுக்கொன்று வந்தது.