தண்ணீர் பீய்ச்சுவது மெலிந்தால் மோட்டரில் எங்கே பார்ப்பது?

மொரீஷியஸின் கிழக்குக் கரையிலுள்ள த்ரூ தோ தூஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஃபைபர் படகு, பின்னால் மாட்டும் 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டர். காவடி விரதத்துக்காகப் பத்து நாள் படகைத் தொடவில்லை. திரும்ப இறக்கியபோது மோட்டரின் பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் நூல்போல மெலிந்துவிட்டது. பத்து நிமிடம் வேகமாக ஓடினால் என்ஜின் கை வைக்க முடியாமல் சுடுகிறது. நானே சரிசெய்யலாமா, மெக்கானிக்கிடம்தான் போகவேண்டுமா என்று கேட்கிறார்.

நீங்களே செய்யலாம். ஒரு காலைப் பொழுது போதும். ஆனால் அதுவரை படகை எடுக்காதீர்கள், பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் லகூனுக்குள் சுற்றிவரக்கூட வேண்டாம். இந்த மோட்டருக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி அனுப்பி, வெளியே விடுகிறது. அது குறைந்தால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். சிறிய மோட்டர்கள் பலவற்றில் எச்சரிக்கை மணியும் இருக்காது. உங்கள் கரையோ தென்கிழக்குக் காற்றுக்கு நேரே இருப்பது. பவளப்பாறைக்கு வெளியே மோட்டர் நின்றுவிட்டால் காற்றே படகைப் பாறைமேல் தள்ளிவிடும்.

முதலில் செலவில்லாத இடம். தண்ணீர் பீய்ச்சும் துளையில் உப்பு காய்ந்து அடைத்திருக்கலாம். தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே கீறிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் துளை மட்டும் அடைத்திருந்தால் என்ஜின் சுடாது, தண்ணீர் வேறு வழியாகப் போய்விடும். உங்களுடையது சுடுகிறது. அதனால் துளையைச் சுத்தம் செய்ததோடு விட்டுவிடாதீர்கள். கீழே கியர் பெட்டியின் இரு பக்கமும் தண்ணீர் உள்ளே போகும் சல்லடையைப் பாருங்கள். கடற்புல்லோ பிளாஸ்டிக் துண்டோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதுவும் சுத்தமாக இருந்தால், என் சந்தேகம் இம்பெல்லர் மேல்தான். தண்ணீரைத் தள்ளும் சிறிய ரப்பர் சக்கரம் அது. கடல் வற்றிய நேரத்தில் கரை ஒதுங்கும்போது புரொப்பெல்லர் கிளப்புகிற மணலையும் சேர்த்துக் குடிப்பது இதுதான். சும்மா கிடந்தாலும் மடங்கிய இதழ்கள் மடங்கிய வாக்கிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே தேய்ந்த இம்பெல்லராக இருந்தால் பத்து நாள் ஓய்வே போதும்.

வேலையைத் தொடங்குமுன் ஸ்பார்க் பிளக் தொப்பிகளைக் கழற்றிவிடுங்கள். கை உள்ளே இருக்கும்போது மோட்டர் கிளம்பக்கூடாது. கியர் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், கியர் மாற்றும் கம்பியின் இணைப்பு நட்டையும் கழற்றுங்கள். கழற்றும்போது கியர் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டைப் பாருங்கள். அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் உப்போடு இறுகிப்போயிருந்தால் முறுக்கி உடைக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

பெட்டி கீழே இறங்கினால் தண்டின்மேல் பம்ப் மூடி இருக்கும். திறந்து, பழைய இம்பெல்லரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல இதழ் நேராக நிற்கும். கெட்டது ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும், அடியில் முடிபோல வெடிப்பு ஓடும். ஏதாவது இதழின் துண்டு காணவில்லையென்றால் அந்தத் துண்டைத் தேடிப்பிடிக்கும்வரை மூடாதீர்கள், மேலே போகும் குழாயில்தான் சிக்கியிருக்கும். அப்புறம் மூடிக்குள் இருக்கும் ஸ்டீல் கிண்ணத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற அளவு கோடு இருந்தால் இம்பெல்லரை மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு கிட் வாங்குங்கள்.

புதியதைப் பூட்டும்போது இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டு (சாவி என்பார்கள்) விழாமல் ஒரு துளி கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, மேலிருந்து பார்க்கக் கடிகாரம் சுற்றும் திசையில் தண்டைத் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்துங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். தண்டின் பற்களில் கிரீஸ் தடவலாம், உச்சி முகத்தில் வேண்டாம். பெட்டியை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் ரப்பர் வளையத்துக்குள் சரியாக நுழைந்ததா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். நான் தொழில் பழகிய காலத்தில் இதைப் பார்க்காமல் பூட்டினேன். புது இம்பெல்லர் இருந்தும் மோட்டர் கொதித்தது, எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகும் சூடு இருந்தால், என்ஜின் சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் வைத்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள் திறக்கும். கொதிக்கிற வரையிலும் திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

பெட்டி இறங்கியிருக்கும்போதே புரொப்பெல்லரையும் கழற்றிப் பாருங்கள். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) அறுத்திருக்கலாம். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் மாற்றவேண்டும். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றுங்கள்; மேல்துளையில் வழிந்ததும் முதலில் மேலதை மூடி, பிறகு கீழதை மூடுங்கள்.

பிறகு ஓட்டிப் பார்க்க 200 லிட்டர் டிரம் போதும். புரொப்பெல்லரைப் பூட்டாமல், அதன் மேலே இருக்கும் தட்டுக்கு ஒரு சாண் உயரம்வரை நல்ல தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் மெதுவாக விடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், புது ரப்பர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

டிரம்மில் நன்றாகப் பீய்ச்சியும் என்ஜின் சுடுகிறதென்றால், சிலிண்டரைச் சுற்றிய வழியில் உப்பு படிந்திருக்கிறது. அங்கே சிலிண்டர் மூடியைப் பிடித்திருக்கும் ஹெட் போல்ட்டுகள் எளிதில் உடையும், அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். அது வராமலிருக்க, கரைக்கு வந்த நாளெல்லாம் அதே டிரம்மில் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். அடுத்த காவடிக்குக் கொடி ஏறுவதற்கு முந்தின நாள் கட்டாயம் செய்யுங்கள்.